பேர் சொன்னால் வரும்

இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானிய சாம்ராஜ்யத்தின் கிழக்கு வாசலைத் திருகோணமலையில் நின்று காத்தவர் இராசதுரை. ஜப்பான்காரனைப் பார்த்துக்கொள்ள வேறு ஆட்கள் இருந்தார்கள். கப்பலில் வரும் பிறநாட்டு நாய்களை மறிப்பது அவருடைய உத்தியோகம்.

அன்று போர்க்கப்பலிலிருந்து ஒரு நாயோடு வந்து கரையேறினான் வள்ளக்காரன் ஸைனுலாப்தீன். இறங்கியதும் நாய் மீன்கூடையை மோப்பம் பிடிக்கப் போய்விட்டது.

"நில்லடா! சீமை நாய். ஆறு மாதம் கூட்டில அடைக்க வேணும்."

"ஐயோ, இது என்ட நாய் ஐயா. போன கிழமை வெள்ளைக்காரப் பொடியன்மார் இறைச்சியைக் காட்டிக் கப்பலுக்குக் கொண்டு போயிட்டாங்கள்."

"பொய்! காதைப் பார், நடையைப் பார். பரம்பரைச் சீமை நாய்!"

"கரைக்கு வாற வள்ளத்தையெல்லாம் மறிச்சுக் குரைக்கிற நாய் ஐயா. துறை முழுக்கத் தெரியும்."

"அப்பிடியெண்டா பேர் சொல்லிக் கூப்பிடு. வந்தா விடுறன்."

ஸைனுலாப்தீன் தலையைச் சொறிந்தான். "வேற வழியில்லையோ, ஐயா?"

"இல்லை. கூப்பிடு. இல்லாட்டிக் கூடுதான்."

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "இராசதுரை!" என்று கத்தினான்.

"என்ன?" என்றார் அவர்.

மீன்கூடையை விட்டுவிட்டு நாயும் வந்தது.