வீட்டுக்காரர் வாக்கு

“அந்தக் கெணத்துப் பாதை எங்க அண்ணனோடதுதானுங்க” என்று பெரியப்பா மகனுக்காகச் சாட்சி சொல்லிவிட்டு, நாச்சிமுத்து கூண்டிலிருந்து இறங்கினார்.

ஒரு சாட்சி நம்பத்தக்கவர் இல்லை என்று காட்ட, அவரை நன்றாகத் தெரிந்தவரையே கூப்பிட்டு விசாரிக்கலாம் என்கிறது சட்டம். எதிர்த்தரப்பு வக்கீல் நாச்சிமுத்துவின் மனைவி ராசாத்தாளைக் கூப்பிட்டார்.

“உங்க வீட்டுக்காரர் சத்தியம் பண்ணிச் சொன்னா நம்புவீங்களா?”

“முப்பது வருசமா நம்புனதில்லைங்க. சிமெண்டு வாங்க மதுக்கரைக்குப் போறேன்னு சொல்லிப்போட்டுச் சீட்டாடப் போவாருங்க. சர்க்கரை வியாதி, இனிப்பே தொடறதில்லைன்னு சத்தியம் பண்ணிப்போட்டு, காந்திபுரத்துல நின்னு ஜிலேபி திம்பாருங்க.”

நீதிபதியே சிரித்துவிட்டார்.

வெளியே வந்ததும் அண்ணன் முறைத்தார். “பொண்டாட்டியே நம்பாத ஆளைப் போய் சாட்சிக்குக் கூட்டியாந்தேன் பாரு.”

அவர் கார் தெருமுனையில் மறைந்த பிறகு, நாச்சிமுத்து ஓர் இளநீர் வாங்கி மனைவியிடம் நீட்டினார்.

“நல்லாச் சொன்னே அம்மணி. அண்ணன் கேட்டா மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வராது. என்ற பொய்ச்சாட்சி எடுபட்டுட்டா, பாதையைப் பறிகொடுத்தவன் ஆனைமலைக்குப் போயி மாசாணியம்மனுக்கு மொளகா அரைச்சுப்போட்டுச் சாபம் உடுவான். அதனாலதான் உன்னைய அந்த வக்கீல்கிட்ட அனுப்புனேன்.”

ராசாத்தாள் இளநீரை உறிஞ்சினாள்.

“ஆனா சீட்டாட்டத்தை மட்டுந்தானே சொல்லச் சொன்னேன். ஜிலேபி உனக்கு எப்படித் தெரியும்?”

“உங்க சட்டையத் தொவைக்கறது ஆருங்க?”