ஒரே ஒரு டிக்

"டிரைவர் சப்போர்ட் பண்ணலைம்மா."

சிஸ்டம் பார்க்கும் அண்ணன் அவளிடம் இதைச் சொல்வது ஐந்தாவது முறை. யார் கேட்டாலும் இதே பதில் என்பதால் ஆபீஸில் அவருக்கு 'டிரைவர் அண்ணன்' என்றே பெயர்.

புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கும் ஆபீஸ் அது. எல்லாமே லினக்ஸ் கம்ப்யூட்டர்கள். அவள் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது.

"பழைய ஆபீஸ்ல விண்டோவை இழுத்தா துணி மாதிரி நெளியும்ணே. டெஸ்க்டாப் பெட்டி மாதிரி சுத்தும். இங்க எல்லாம் மரக்கட்டையா இருக்கு."

"என்னம்மா பண்றது? கிராபிக்ஸ் கார்டை ஓட்டற டிரைவர் சாஃப்ட்வேர் அப்படி."

மதியம் அவருடைய மூலைச் சீட்டைத் தாண்டிப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அவர் திரையில் விண்டோக்கள் ஜம்மென்று நெளிந்துகொண்டிருந்தன. அவளைப் பார்த்ததும் அவசரமாக மானிட்டரை அணைத்தார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே கம்ப்யூட்டர், அதே கார்டு. உபதேசம் ஊருக்கு மட்டும்தானா?

நேரே மேனேஜரிடம் போனாள்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறார் சார். டிரைவர் நல்லாத்தான் வேலை செய்யுது. நமக்கு மட்டும் வேணும்னே ஆஃப் பண்ணி வெச்சிருக்கார்."

"எங்கிட்டயும் மூணு வருஷமா இதையேதான் சொல்றார். நாலு மணிக்கு வர்றேன், உன் சீட்டுல போட்டுக் காட்டு. பொய்னு தெரிஞ்சா இந்த மாசத்தோட அவரை அனுப்பிடறேன்."

மூன்றரைக்கே ஒத்திகை பார்த்தாள். செட்டிங்ஸில் ஒரே ஒரு டிக். அவ்வளவுதான், விண்டோ அழகாக நெளிந்தது.

அந்த நேரம் பார்த்து, பிழை திருத்தும் அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அக்காவுக்குத் தனிக் கம்ப்யூட்டர் கிடையாது. ஒவ்வொருவர் சீட்டாகப் போய், அவரவர் திரையைப் பார்த்தே பிழை சொல்வார்.

"ஏழாம் பக்கத்தைக் காட்டும்மா."

அவள் உற்சாகமாக விண்டோவை இழுத்தாள். அக்கா சட்டென்று கண்ணைப் பொத்திக்கொண்டு மேசையைப் பிடித்தார். முகம் வெளுத்துவிட்டது.

டிரைவர் அண்ணன் ஓடி வந்து மானிட்டரை அணைத்தார். அக்காவிடம் தண்ணீரை நீட்டினார்.

கொஞ்சம் தெளிந்ததும் அக்காதான் பேசினார்.

"திரையில எது நெளிஞ்சாலும், சுத்தினாலும் எனக்குத் தலை சுத்தி வாந்தி வந்துடும்மா. போன ஆபீஸ்ல இதைச் சொன்னேன். 'உடம்பைப் பார்த்துக்கோங்க'ன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இங்க இந்தத் தம்பிகிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கேன். நான் போய் உட்காராத சீட்டு அவரோடது ஒண்ணுதான்."

அவள் மானிட்டரைப் போட்டு, மறுபடியும் செட்டிங்ஸைத் திறந்தாள்.

சரியாக நாலு மணிக்கு மேனேஜர் வந்தார்.

"எங்கேம்மா, காட்டு பார்ப்போம்."

டிரைவர் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவள் விண்டோவை இழுத்தாள். அது மரக்கட்டையாக நகர்ந்தது.

"நான்தான் தப்பாச் சொல்லிட்டேன் சார். டிரைவர் சப்போர்ட் பண்ணலை."