மோவாய்ப் பச்சை

"எங்கம்மா முகம் எங்கேய்யா?"

பெரிய படத்தை மேஜை மேல் விரித்துப் போட்டுக் கத்தினான் இதிர்.

ஹம்மூ கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கெனிஃப்ரா ஊரில் கல்யாணம் என்றாலே அவர் கேமராதான். அப்பேர்ப்பட்டவர் செய்த வேலை இது.

"நல்லாத்தானே வந்திருக்கு, சார்?"

"மோவாய் முழுக்கப் பச்சை குத்தியிருக்குமே, ஒரு புள்ளிகூட இல்லையே! பிசைஞ்சு வச்ச மாவு மாதிரி இருக்கு."

வெளிநாட்டில், லியோன் நகரத்தில் இதிர் திறக்கப்போகும் ஹோட்டல் சுவருக்கான படம் அது. பச்சை குத்திய அம்மாவின் முகம்தான் கடைக்கே அடையாளம் என்று அங்கே எல்லோரிடமும் பீற்றி வைத்திருந்தான். அந்த அம்மா இத்தோ, முக்காட்டை வாய்வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"சாஃப்ட்வேர் அப்டேட் ஆயிடுச்சு சார். புள்ளியைப் பார்த்தா தூசின்னு நெனச்சுத் தொடைச்சிடுது."

"கேமராலேருந்து வந்த ரா ஃபைல் இருக்கும்ல?"

"இருக்கு. அதைத் திறக்கறதே இந்த சாஃப்ட்வேர்தானே."

"பழைய வெர்ஷனுக்குப் போய்யா!"

"போக விடமாட்டேங்குதே."

"அப்போ ஃபைலைக் கொடு. லியோன்ல பார்த்துக்கறேன்."

"அங்கே மட்டும் அப்டேட் வராதா சார்?"

பாஸ்போர்ட் படத்துக்குக் காத்திருந்தவர் குறுக்கே புகுந்தார். "ஹம்மூ அண்ணே, என்னைப் பழைய வெர்ஷன்லயே எடுங்க. எனக்கு மூக்கு வேணும்."

இதிருக்குச் சுருக்கென்றது. "எங்க பாரம்பரியத்தையே அழிச்சுட்டு நக்கல் வேறயா? உனக்கெல்லாம் எதுக்குய்யா கேமரா? நெட்டுல ஒரே ஒரு ஸ்டார் போட்டுக் கிழிக்கிறேன் பாரு. ஒரு கல்யாணத்துக்கும் உன்னைக் கூப்பிட மாட்டாங்க."

சொன்னால் செய்கிற ஆள்தான்.

சாயங்காலம் விமானம். வேறு வழியில்லாமல் படத்தைச் சுருட்டிக்கொண்டு, "சீக்கிரம் வாம்மா" என்று காரைக் கிளப்பப் போனான் இதிர். பாஸ்போர்ட்காரரும் தலை வார உள்ளே போனார்.

இத்தோ மெல்ல எழுந்து மேஜையருகே வந்தார். கண் கலங்கியிருந்தது.

"என்னால உனக்கு இவ்வளவு திட்டு, தம்பி. சின்னப் பிள்ளையா இருந்தப்ப நாலு பேரு அமுக்கிப் பிடிச்சுக் குத்தினாங்க. இன்னிவரைக்கும் நான் மூடி மூடி வைக்கிறதைச் சுவத்துல மாட்டாதேடான்னு படம் எடுக்கறப்ப இங்கேயே கெஞ்சினேன். அவன் காதுல போட்டுக்கவே இல்லை."

"விடுங்கம்மா. அப்டேட்தான் பாவம், வீணாப் பழி சுமக்குது." ஹம்மூ சிரித்தார். "புது வெர்ஷன்ல உங்க பச்சை முன்னைவிடப் பளிச்சுன்னு வந்துச்சு. ஒவ்வொரு புள்ளியா நான்தான் கையால அழிச்சேன்."