ஈரத்துணியில் சுற்றிய மீட்டர்

சலவைக்கூடத்தின் இஸ்திரி அறையில், மதிய வெயில் தகரக் கூரையை வறுத்தெடுக்கிறது. உள்ளே நுழைந்ததுமே ஆராய்ச்சி மாணவியின் கண்ணாடி நீராவியில் மங்குகிறது. வருஷா வருஷம் ஏறும் வெயில் உழைக்கிற உடம்பை என்ன செய்கிறது என்று பல்கலைக்கழகத்துக்குத் தெரியவேண்டும். அதற்காகத் தீப்பெட்டியளவு வெப்ப மீட்டர் ஒன்றை இஸ்திரிக்கார அக்காவின் இடுப்பில் போன வாரம் மாட்டிவிட்டுப் போனவள் இவள்தான். ஏழு நாளும் இருபத்தெட்டு டிகிரியைத் தாண்டவில்லை என்கிறது, மீட்டரிலிருந்து அவள் கைபேசிக்கு வந்த பதிவு. இந்த அறையிலா? "அக்கா, மீட்டர் எங்கே?" அக்கா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, பெருமையாகத் தண்ணீர்க் குடத்தைக் காட்டுகிறாள். அதன் மூடிமேல், ஈரத்துணி போர்த்திக்கொண்டு சுகமாகக் கிடக்கிறது மீட்டர். "விலை ஒசந்த சாமான். இந்தச் சூட்டுல கெட்டுப்போயிடாதா கண்ணு?" மாணவி சிரித்துக்கொண்டே துணியை விலக்கி மீட்டரை எடுக்கிறாள். "அது கெட்டா வேற வாங்கிக்கலாம்க்கா. உங்களுக்கு ஏதாச்சும் ஆனா?" என்றபடி, வியர்வையில் ஊறிய அந்த இடுப்பிலேயே மறுபடி மாட்டுகிறாள். இருவரும் குனிந்து பார்க்கிறார்கள். முப்பத்தொன்று, முப்பத்தாறு, நாற்பத்திரண்டு. எண் நிற்பதாக இல்லை. "மின்விசிறி கேட்டா, இதெல்லாம் ஒரு சூடான்னு சிரிப்பாரு முதலாளி," என்கிறாள் அக்கா. பிறகு நிதானமாக முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள். "போய் அவரக் கூட்டிட்டு வா கண்ணு. இத அவரு இடுப்புல மாட்டு. இஸ்திரிப்பெட்டிய நான் அவரு கையில குடுக்கறேன்."