இரண்டாவது ஜாடி

"நல்லா இருக்கே நியாயம்! புருஷன் நடுவர், பெண்டாட்டிக்குப் பரிசு!"

யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்ததும் மெட்டில்டாவுக்கு உடம்பே கூசிப் போயிற்று.

தாம்பரத்தில் அன்றைக்கு அறுப்பின் பண்டிகை. சர்ச் வளாகத்தில் வருஷா வருஷம் ஜிஞ்சர் பீர் போட்டி உண்டு. பேர்தான் பீர். இஞ்சி, எலுமிச்சம்பழம், சர்க்கரை, துளி ஈஸ்ட். குழந்தைகள்கூடக் குடிக்கலாம். மதுவிலக்கு அமலில் இருந்த காலம், வேறு பீருக்கு எங்கே போவது?

நடுவர் லாசரஸ், மதுவிலக்குச் சங்கத்துக்கே செயலாளர். அவர் ருசித்ததும் அடுத்த டம்ளர் போதகருக்கு. அதுதான் வழக்கம்.

கடைசிச் சுற்றில் இரண்டே ஜாடி. முதலாவது மெட்டில்டாவுடையது. லாசரஸ் டம்ளரை வெளிச்சத்தில் பிடித்தார், முகர்ந்தார், நாக்கில் உருட்டினார்.

"நுரை பரவாயில்லை. இஞ்சி கொஞ்சம் தூக்கல்."

பெண்டாட்டி என்று சலுகையெல்லாம் கிடையாது மனுஷனிடம்!

இரண்டாவது, மிஷன் பள்ளி டீச்சர் ரத்தினபாயுடையது. போன வருஷம் பரிசு வாங்கியவள். லாசரஸ் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். டம்ளரைக் கீழே வைக்கும்போது முழங்கை இடித்து, ஜாடி உருண்டு, அத்தனையும் மண்ணோடு மண்ணாகப் போயிற்று.

"ஐயோ, சார்!" டீச்சர் அழுதே விட்டாள்.

"கை தவறிடுச்சும்மா" என்றார் லாசரஸ், ஒன்றுமே நடக்காததுபோல.

பரிசு மெட்டில்டாவுக்கு.

இரும்புலியூருக்கு நடந்து திரும்பும்போது அவள் வெடித்தாள். "இந்த எவர்சில்வர் கூஜா எனக்கு வேணாம். வேணும்னேதானே தட்டிவிட்டீங்க? நான் பார்த்தேன்."

"ஆமா."

திகைத்துப்போய்க் கிட்டே வந்தவள் மூக்கைச் சுளித்தாள். "ஏங்க... என்ன வாடை இது?"

"டீச்சரோடதுதான். கிறிஸ்மஸ் ஒயினுக்கு ஊறப்போடற மாதிரி வாரக்கணக்கா மூடி வெச்சுட்டாங்க போல. அசல் சரக்காவே ஆயிடுச்சு. பாவம், அவங்களுக்கே தெரியாது. போதகர் ஒரு வாய் குடிச்சிருந்தா? அவர்தானே பள்ளிக்கூட மேனேஜர்! வேலை போயிருக்கும்."

"அதுக்காக? ஜென்மத்துல தொடமாட்டேன்னு பைபிள் மேல சத்தியம் பண்ணினவராச்சே நீங்க! துப்பித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"எப்படி மெட்டில்டா துப்புவேன்? துப்பியிருந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குமே!"