சாராயம் மோரான கதை

என் அப்பாவை வைத்துத்தான் அந்த இசை நாடகத்தை எழுதினேன். குடிப்பார், அடிப்பார், உருகி உருகிப் பாடுவார். ஆனால் அது ஓடும் அரங்கின் இருக்கைகள் ரசிகர்களின் வெறுப்பை அளந்து, பிடிக்காததை மறுநாளே மாற்றிவிடும். முதல் வாரத்தில் அடி போனது. அடுத்த வாரம் சாராயம் மோரானது.

"அது எங்கப்பா சார்! உங்க இஷ்டத்துக்குக் கழுவித் துடைப்பீங்களா?" என்று மேலாளர் தேவசகாயத்திடம் கத்தினேன்.

"நானா மாத்தறேன்? ஜனங்களுக்குப் பிடிக்கலைன்னு சீட்டு சொல்லுது. ஹவுஸ்ஃபுல்லா ஓடுதேம்மா, அப்புறம் என்ன?"

இவரிடம் பேசுவதற்குப் பதில் சுவரில் முட்டிக்கொள்ளலாம்.

முப்பதாவது காட்சிக்கு, தடுத்தும் கேட்காமல் அம்மா வந்தாள். மேடையில் அப்பா மனைவிக்குத் தலைவாரி, பூ வைத்துப் பாடினார். அடுத்த காட்சியில், நான் எழுதியிருந்தபடியே, அவள் கைக்குழந்தையோடு வீட்டைவிட்டு வெளியேறினாள். அவளைத் திட்டுவது ஜனங்களுக்குப் பிடித்திருந்ததால், அதை மட்டும் இருக்கைகள் விட்டுவைத்திருந்தன.

அரங்கமே அந்த மனைவியைப் பார்த்துக் கூச்சலிட்டது. அம்மாவின் இடப்பக்கம் இருந்த பெண் அவளிடமே சாய்ந்து, "தங்கமான மனுஷனை விட்டுட்டுப் போறா பாருங்க, எவ்ளோ திமிரு!" என்றாள்.

அப்பா அறைந்த நாளிலிருந்து அம்மாவுக்கு இடது காது கேட்காது. வழக்கம்போல் சிரித்து, ஆமாம் என்று தலையாட்டினாள்.