பத்தியில் உள்ளதை மட்டும்

இருபதாயிரத்து நானூறு ரூபாய்.

பத்தியின் முதல் வரியிலேயே அந்தத் தொகை இருந்தது. செங்கல் சூளையில் ஒரு தொழிலாளி வாங்கிய முன்பணம். பெயர் போடவில்லை.

படித்துக்கொண்டிருந்தவனின் விரல் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

அவனுடையது இருபத்திரண்டாயிரத்து எழுநூற்றைம்பது. கல்யாணத்துக்காக இதேபோல ஒரு சூளையில் வாங்கியது.

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு. தமிழ்த் தாள். ஆறு பத்திகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கேள்விகள். அவன் இரண்டாவதில் இருந்தான். சுற்றியிருந்த பிள்ளைகள் நான்காவதற்குப் போய்விட்டார்கள்.

அவர்களுக்குப் பதினெட்டு வயது. அவனுக்கு முப்பத்தொன்பது. முதல் எழுத்தை எழுதியது இருபத்தாறில்.

விரல் வைக்காமல் அவனுக்குப் படிக்க வராது. உதடு அசையாமலும் வராது.

முன் பெஞ்சுப் பையன் திரும்பினான்.

"அண்ணே, உங்க பத்தி எனக்குக் கேக்குது. நான் என்னோடத படிக்கணும்."

கண்காணிக்க வந்திருந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு மேசையைத் தட்டினார். அவன் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டான். பொத்திய கைக்குள் படித்தான்.

முதல் கேள்வி. தொழிலாளி ஏன் சூளையை விட்டுப் போகவில்லை?

அடிக்குப் பயந்து என்று ஒரு விடை இருந்தது. பேனா நேராக அங்கே போனது. அவனுக்குத் தெரியாதா? மேஸ்திரி வெறும் கையோடு நின்று அவன் பார்த்ததில்லை.

பேனா காகிதத்தைத் தொடவில்லை.

போன வருஷம் இப்படித்தான் போனது. கூலியைப் பற்றி ஒரு பத்தி. அதில் இருந்ததை விட்டுவிட்டுத் தனக்கு நடந்ததைப் பார்த்து வட்டம் நிரப்பினான். மூன்று மார்க்கில் சீட் போனது. இன்னொரு வருஷம் பகலில் மூட்டை, அதற்கு மேல் புத்தகம் என்றால் உடம்பு கேட்காது. இதுதான் கடைசி.

காலையில் கேட் வரை வந்த பவுனு எச்சரித்துத்தான் அனுப்பினாள். அவன் மனைவி. எட்டாவது வரை படித்தவள். மளிகைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்து அவனுக்கு எழுத்துக் காட்டியவள்.

"நம்ம கதைய உள்ள போய் எழுதி வெச்சிட்டு வராதய்யா. அவங்க கேட்டத மட்டும் சொல்லு."

தாளின் தலையிலும் அதுவேதான் அச்சடித்திருந்தது. பத்தியில் உள்ளதை மட்டும் கொண்டு விடையளிக்கவும்.

திரும்பப் படித்தான். பத்தியில் அடி இல்லை. கடன் தீராததால் என்று இருந்தது.

அதை நிரப்பினான்.

இரண்டு. மூன்று. நான்கு.

ஐந்தாவது கேள்வி. விடுவிக்கப்பட்ட அன்று தொழிலாளி தர வேண்டிய பாக்கி எவ்வளவு?

பத்தியிலிருந்த எண்களை வைத்து மனம் தானாகக் கணக்குப் போட்டது. ஆயிரம் கல் அறுத்தால் இவ்வளவு. அரிசிக்குப் பிடித்தது இவ்வளவு. மழை பெய்து கரைந்த கல்லுக்குக் காசு கிடையாது. பதினாலாயிரத்து இருநூறு வந்தது.

இரண்டாவது விடையாக அதே தொகை இருந்தது.

இவ்வளவு சுலபமாகவா?

கடைசி வரிகளுக்கு விரலைக் கொண்டுபோனான்.

கொத்தடிமையாக வைத்து வேலை வாங்கிய கடன் சட்டத்தின் முன் கடனே அல்ல. விடுவிக்கும்போது அது முழுவதும் அழிந்துபோகிறது. அதைக் கேட்க எவருக்கும் உரிமை இல்லை.

மறுபடி படித்தான்.

முன் பெஞ்சுப் பையன் கடைசிப் பக்கத்தைப் புரட்டினான்.

அவன் மூன்றாவது தடவை படித்தான்.

அவனும் பவுனும் சூளையிலிருந்து ஓடி வந்து பதினாலு வருஷம். யாரும் விடுவிக்கவில்லை. ஓடி வந்தவன் கடன்காரன் என்றுதான் இதுவரை நினைத்திருந்தான். டவுனுக்குப் போக நேர் பஸ் உண்டு. அது சூளை வாசல் வழியாகப் போகும். அதனால் சுற்றுப் பஸ். ஒரு மணி நேரம் கூட. குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட அன்றும் சுற்றுப் பஸ்தான்.

யார் எழுதினார்களோ இந்தப் பத்தியை. பிள்ளைகளைத் தடுமாற வைக்கவென்றே எங்கோ உட்கார்ந்து எழுதியிருப்பார். பெயர் தெரிந்தால் ஒரு கும்பிடு போடலாம்.

ஏதுமில்லை என்ற வட்டத்தை நிரப்பினான். ஓரம் தாண்டாமல், மெதுவாக. அவசரப்படத் தோன்றவில்லை.

வெளிக் கதையை உள்ளே கொண்டுவரக் கூடாது. உள்ளே இருப்பதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று தாளில் எங்கும் போடவில்லை.

கடைசிப் பத்தியில் இரண்டு வட்டம் வெள்ளையாக இருக்கும்போது மணி அடித்தது.

பவுனு சைக்கிள் ஸ்டாண்டு நிழலில் சோற்றுத் தூக்குப்போசியோடு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாய்யா ஆச்சு?"

"ரெண்டு வுட்டுப்போச்சு. மத்ததெல்லாம் அவங்க கேட்டத மட்டும் சொன்னேன்."

அவள் முகம் தெளிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வழக்கமான சுற்றுப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

அவன் நடக்கவில்லை. எதிர்ப்பக்கம் நேர் பஸ் நின்றிருந்தது. ஏறினான். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் துண்டைப் போட்டான்.

திரும்பி வந்த பவுனு படியில் ஒரு கால் வைத்தபடி அவனையே பார்த்தாள்.

"அங்க பாத்தா கேப்பாங்களே."

"கேக்கட்டும். சொல்றேன்."

இரண்டு டிக்கெட் வாங்கினான்.

சூளைப் புகைபோக்கி தெரிந்ததும் பவுனு முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு குனிந்தாள்.

அவன் ஜன்னல் ஷட்டரை மேலே தூக்கிவிட்டான்.